மேல்மலையில் களையெடுப்பு: கவுஞ்சி வட்டாரத்தில் பூண்டும் நஞ்சும் கடந்துவந்த பாதை

பழனி மலைத்தொடரின் மேற்குப் பகுதியில், கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் வழியாகச் செல்லும் சாலையில் அமைந்துள்ள கவுஞ்சி, வட்டார மக்கள் மேல்மலை என்று வழங்கும் உயர்நிலப் பரப்பின் வேளாண் ஊர்களுள் ஒன்றாகும். சரிவுகளை வெட்டிப் படிப்படியாக அமைத்த இங்குள்ள நிலங்களில் விளையும் உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்ஸும் ஒட்டன்சத்திரம், மதுரைச் சந்தைகளின் வழியே தமிழகத்திற்கும் கேரளத்திற்கும் போகின்றன; பூண்டு பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது. அன்றாட உணவில் களைக்கொல்லியின் எச்சம் இருக்குமோ, மரபணு மாற்றப்பட்ட பயிர் கலந்திருக்குமோ என்று நகரத்து அடுக்களைகளில் இன்று எழும் அச்சம், பெரும்பாலும் உண்பவரின் உடல்நலம் பற்றிய கேள்வியாகவே பேசப்படுகிறது. ஆனால் நிலத்தில் முளைத்த களையை யார், எந்தக் கூலிக்கு, எதைக்கொண்டு அகற்றினார்கள் என்பதைத் தொடர்ந்து பார்த்தால்தான் அந்த அச்சத்தின் வரலாறு விளங்கும். அவ்வகையில் இது முதன்மையாக உழைப்பின் வரலாறு.

லெப்டினன்ட் பி. எஸ். வார்டு 1821ஆம் ஆண்டு இம்மலைகளை அளந்தபோது, குன்னுவர் முதலிய மலைவாழ் உழவர்களின் ஊர்கள் இங்கு நன்கு நிலைபெற்றிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேயப் பதிவுகளில் இவ்வுயர்நில ஊர்களின் பயிர்களாகப் பூண்டும் கோதுமையும் இடம்பெறுகின்றன. நீர் தேங்கும் பள்ளத்தாக்குகளில் படிவயல் அமைத்து நெல்லும் விளைவித்தனர். 1845இல் அமெரிக்க மதுரை மிஷன் கொடைக்கானலில் குடியிருப்பைத் தொடங்கிய பின்னர் ஐரோப்பியக் காய்கறிகளும் உருளைக்கிழங்கும் மலையில் பரவின. 1910களில் சமவெளியிலிருந்து மலைச்சாலை திறக்கப்பட்டதும், குதிரைப் பொதியாலும் தலைச்சுமையாலும் கட்டுப்பட்டிருந்த விளைச்சலுக்குத் தொலைதூரச் சந்தை கிடைத்தது. வீட்டுத் தேவைக்கும் பண்டமாற்றுக்கும் பல பயிர்களைச் சிறிது சிறிதாக வைத்த நிலம் சந்தைக்காக ஓரிரு பயிர்களை ஆண்டுதோறும் திரும்பத் திரும்பத் தாங்கும் நிலமாக மாறியது இந்தச் சாலைக்குப் பிறகுதான் என்பதால், பின்னாளில் வந்த நஞ்சுகளுக்கும் அச்சாலைக்கும் உள்ள தொடர்பைச் சிறிதென்று ஒதுக்கிவிட முடியாது.

களை என்பது என்ன தொல்லை என்பதை விளக்கப் பூண்டைவிடப் பொருத்தமான பயிர் வேறில்லை. பூண்டின் இலை ஒடுங்கி நிமிர்ந்து நிற்பதால் பாத்தியின் மண்ணில் நிழல் விழுவதே இல்லை. உருளைக்கிழங்கின் தழை மூடிக்கொள்வது போலப் பூண்டுப் பயிர் தன் அடியில் முளைக்கும் செடியை ஒளியின்றி அடக்கிவிடாது. வேரும் ஆழமாகப் போவதில்லை, ஆகவே ஈரத்திற்கும் உரத்திற்கும் களையோடு மேல்மண்ணிலேயே போட்டியிட வேண்டியிருக்கிறது. நட்டதிலிருந்து அறுவடை வரை நான்கு மாதங்களுக்கும் மேலாக நீளும் இப்போட்டியில் களைக்கொத்தை ஓங்கிக் கொத்தவும் இயலாது, ஏனெனில் பல் பல்லாக நெருக்கி ஊன்றிய பயிரில் சற்றுத் தவறினாலும் திரளும் குமிழ் வெட்டுப்பட்டுவிடும். எனவே பாத்தி ஓரத்தில் குந்தி, இடக்கையால் பயிரை விலக்கி, வலக்கை விரல்களால் களையை வேரோடு பிடுங்குவதே வழக்கம். மலைக்காய்கறி நிலங்களின் பெருந்தொல்லையான புளியாரையோ, மேலே பிடுங்கினால் அடியில் சிறு கிழங்குகளை விட்டுவைத்து, அடுத்த மழைக்கு மீண்டும் தழைக்கிறது. இப்பணியைத் தலைமுறைகளாகச் செய்துவந்தவர்கள் பெண்களே. மண்ணைத் திருப்புவதும் மூட்டை ஏற்றுவதும் ஆணின் வேலை என்று அதிகக் கூலி பெற, நாள் முழுவதும் குனிந்திருக்கும் களையெடுப்பு குறைந்த கூலிக்குரிய வேலையாகவே கணக்கிடப்பட்டது. இந்த ஏற்றத்தாழ்வு நேர்செய்யப்பட்டிருந்தால் பின்னர் களைக்கொல்லிக்குக் கதவு இவ்வளவு எளிதில் திறந்திருக்காது.

மலைநிலத்தில் ரசாயனம் வலுவாக ஊன்றியது களையால் அன்று, உருளைக்கிழங்கால். உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு 1961இல் நீலகிரியில் கண்டறியப்பட்டு, 1983இல் கொடைக்கானல் மலைப் பகுதியிலும் இருப்பது உறுதியாயிற்று. இப்புழுவின் பெண் இறந்ததும் அதன் உடலே தடித்த கூடாகி, நூற்றுக்கணக்கான முட்டைகளைத் தன்னுள் காத்துக்கொண்டு, பல ஆண்டுகள் மண்ணில் கிடக்கிறது. உருளைக்கிழங்கு வேரிலிருந்து கசியும் பொருளை உணர்ந்த பின்னரே முட்டைகள் பெருமளவில் பொரிகின்றன. இதற்கு ஆய்வாளர்கள் கூறிய தீர்வுகள் மூன்று: பூண்டு, கேரட், முட்டைக்கோஸ் போன்ற பயிர்களோடு சில ஆண்டுகள் மாற்றிப் பயிரிடுவது, ஊட்டி முத்தோரையிலுள்ள உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் உருவான குஃப்ரி ஸ்வர்ணா போன்ற எதிர்ப்புத் திறனுள்ள ரகங்களை நடுவது, நடவின்போது கார்போஃபியூரான் குருணையை மண்ணில் இடுவது. முதலிரண்டும் பொறுமையையும் விதைக்கிழங்கையும் கேட்டன, மூன்றாவதோ கடையில் கிடைத்தது. நரம்பு மண்டலத்தைத் தாக்கும் கடும் நஞ்சான கார்போஃபியூரானுக்கு உணவுப் பயிர்களில் இருந்த எச்ச அனுமதிகளை அமெரிக்கா 2009இலேயே நீக்கிவிட்டது. இந்தியாவிலோ 2023இல் பிற வடிவங்கள் தடைசெய்யப்பட்டபோதும் 3 சதவீத உறையிட்ட குருணை வடிவத்துக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

இத்தகைய பொருள்களைக் கட்டுப்படுத்தும் சட்டமே உணவு நஞ்சான ஒரு துயரத்திலிருந்து பிறந்தது என்பதை நினைவுகூர வேண்டும். 1958இல் கேரளத்திற்குக் கப்பலில் வந்த கோதுமை மாவில், அதே கப்பலில் ஏற்றப்பட்டிருந்த பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கலந்துபோய், அம்மாவில் செய்த பண்டங்களை உண்டவர்களில் 100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதைத் தொடர்ந்த விசாரணைகளின் விளைவாக வந்ததே 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். பெயரில் பூச்சி இருந்தாலும் களைக்கொல்லி, பூசணக்கொல்லி ஆகியவற்றுக்கும் இச்சட்டமே பொருந்தும். எந்த மருந்தை எந்தப் பயிருக்கு எவ்வளவு அடிக்கலாம் என்பதை ஒவ்வொரு மருந்தின் பதிவிலும் வரையறுத்து, அதைப் புட்டியின் மேல் அச்சிடச் செய்ததுதான் இச்சட்டத்தின் அடிப்படை ஏற்பாடு. அச்சிட்டதற்கும் அடிப்பதற்கும் இடையே யாரும் நிற்பதில்லை என்பதே அதன் ஆறாத குறை.

களைக்கொல்லிகள் இருவகைப்படும். முளைக்கும் முன் மண்ணில் தெளித்து விதையிலேயே களையைத் தடுப்பவை ஒருவகை. பூண்டு, வெங்காயம் ஆகியவற்றுக்குப் பரிந்துரைக்கப்பட்டுவந்த பெண்டிமெத்தலின், ஆக்ஸிஃபுளோர்ஃபென் இவ்வகையின. முளைத்து வளர்ந்த பச்சைச் செடியின் மேல் தெளித்துக் கொல்பவை மற்றொரு வகை. அவற்றுள் பெரிதும் பேசப்படுவது கிளைஃபோசேட். அமெரிக்காவின் மான்சாண்டோ நிறுவனத்தில் ஜான் ஃபிரான்ஸ் 1970இல் இதன் களைக்கொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தார். 1974இல் ரவுண்டப் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. தாவரங்களும் நுண்ணுயிர்களும் சில அமினோ அமிலங்களை ஆக்குவதற்குத் தேவையான ஒரு நொதியை இது முடக்குகிறது. அந்நொதி மனித உடலில் இல்லாததால் தீங்கில்லை என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015 மார்ச்சில் இதை மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற வகையில் சேர்த்தது; அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அவ்வாறு உண்டாக்க வாய்ப்பில்லை என்று கூறியது. முன்னது வெளியான ஆய்வுகளை, விற்பனைக் கலவைகள் பற்றியவை உட்பட, ஆராய்ந்தது, பின்னது நிறுவனங்கள் அளித்த ஆய்வுகளையும் சேர்த்து மூலப்பொருளை மட்டும் மதிப்பிட்டது; இவ்வேறுபாட்டை விளக்காமல் இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டுவது வாசகருக்குச் செய்யும் அநீதி.

இந்தியாவில் கிளைஃபோசேட்டுக்குப் பதிவு அளிக்கப்பட்டது தேயிலைத் தோட்டங்களுக்கும் பயிர் இல்லாத இடங்களுக்கும் மட்டுமே. காய்கறி நிலத்திற்கு அது ஒருபோதும் உரியதாக இருந்ததில்லை. 2022 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட ஆணை, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணிக்கு உரிமம் பெற்றவர்கள் வழியாக அன்றி யாரும் இதைப் பயன்படுத்தக்கூடாது என்றது. வீடுகளிலும் கிடங்குகளிலும் கரையானையும் எலியையும் ஒழிக்கும் இப்பணியாளர்கள் கவுஞ்சியைப் போன்ற மலையூரின் பயிரில்லா இடங்களுக்கு வந்து தெளிப்பார்கள் என்று எதிர்பார்த்து எழுதிய ஆணை, மலையின் நடைமுறையை அறியாமல் எழுதியது என்றே கொள்ள வேண்டும். பெண்டிமெத்தலினும் ஆக்ஸிஃபுளோர்ஃபெனும் 2020 மே மாதம் மத்திய அரசு தடைசெய்ய முன்மொழிந்த 27 மருந்துகளின் பட்டியலில் இடம்பெற்றன. 2023இல் இறுதி ஆணை வந்தபோது மிகச் சில மருந்துகளே அதில் எஞ்சியிருந்தன, இவ்விரண்டும் தப்பித்துக்கொண்டன.

தடை மட்டுமே தீர்வாகிவிடுமா என்பதற்கு இலங்கையின் பட்டறிவு பாடமாக உள்ளது. அனுராதபுரம், பொலன்னறுவை ஆகிய வறண்ட மாவட்டங்களின் உழவர்களிடையே பரவிய, காரணம் உறுதிப்படாத சிறுநீரக நோய்க்கும் கிளைஃபோசேட்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற கருதுகோளை முன்னிறுத்தி 2015இல் அந்நாடு அதன் இறக்குமதியைத் தடைசெய்தது. அத்தொடர்பு இன்றுவரை ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்படவில்லை. தடையின் சுமை முதலில் இறங்கியது, நோய் பரவிய மாவட்டங்களில் அன்றி, மலையகத் தமிழர் உழைக்கும் தேயிலைத் தோட்டங்களில். இளையோர் தோட்டத்தை விட்டு நகரங்களுக்குச் சென்றுகொண்டிருந்த காலத்தில் கையால் களையெடுக்க ஆளில்லை என்று தோட்ட நிறுவனங்கள் முறையிட்டன. 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது, 2022இல் முழுவதும் விலக்கப்பட்டது. களையெடுக்கும் கைக்கு உரிய கூலி தருவதை யாரும் பேச்சுக்கு எடுத்துக்கொள்ளாதவரை, தடையும் தளர்வும் மாறி மாறி வருவதைத் தவிர வேறொன்றும் நிகழாது.

எல்லை தாண்டிச் செல்லும் காய்கறியைப் பற்றிய கவலை கேரளத்தில் 2015இல் வெளிப்படையான பூசலாயிற்று. காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் வானிலிருந்து தெளித்த எண்டோசல்பானின் கொடுமையைக் கண்ட கேரளம், தமிழகத்திலிருந்து வரும் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சம் வரம்பை மீறியிருப்பதாகக் கூறிச் சோதனைச் சாவடிகளில் ஆய்வை இறுக்க, தமிழக அரசு அதை மறுத்தது. இத்தகைய சோதனைகளில் பயன்படும் எச்ச வரம்பு என்பது, ஒரு பயிருக்கு ஒரு மருந்தை முறையாக அடித்தால் அறுவடையில் எஞ்சக்கூடிய மிகுதியான அளவு. எந்தப் பயிருக்கு எந்த மருந்துக்கு வரம்பு வகுக்கப்படவில்லையோ அங்கே கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற பொது அளவு பொருந்தும். மசாலாப் பொருள்களுக்கு மட்டும் இப்பொது அளவை 2024 ஏப்ரலில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பத்து மடங்கு உயர்த்தியது வருந்தத்தக்க முடிவு.

மரபணு மாற்றம் பற்றிய அச்சத்தைப் பொறுத்தவரை, முதலில் ஒரு தெளிவு தேவை. மேல்மலை உழவர்கள் பருவந்தோறும் நிறுவனங்களிடம் வாங்கும் கேரட், முட்டைக்கோஸ் விதைகளில் பல, இரு ரகங்களை மகரந்தச் சேர்க்கையால் இணைத்த வீரிய ஒட்டு ரகங்கள். வேறோர் உயிரின் மரபணுவை ஆய்வகத்தில் புகுத்தியவை அல்ல. பூண்டோ பல்லிலிருந்தே பெருகும் பயிர். விளைந்ததில் ஒரு பகுதியை விதைக்கென்று வீட்டுக்குள் புகைபடும்படி வைத்துக் காக்கும் வழக்கம் தொடரும் வரை, விதைக்காகச் சந்தையை நம்ப வேண்டியதே இல்லை. இந்தியாவில் எந்த மரபணு மாற்றக் காய்கறியும் பயிரிட அனுமதி பெறவில்லை. 2009 அக்டோபரில் மத்திய மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதலை மட்டும் பெற்ற, பூச்சியை எதிர்க்கும் பாக்டீரிய மரபணு புகுத்திய பி.டி. கத்தரிக்காயை, நாட்டின் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்ட பின் 2010 பிப்ரவரி 9 அன்று அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயராம் ரமேஷ் நிறுத்திவைத்தார். அந்தக் கத்தரியில் மதுரையின் எம்.டி.யு. 1 உட்படத் தமிழக ரகங்கள் சிலவற்றைக் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமே உருவாக்கியிருந்தது என்பதும், அதை எதிர்த்தவர்களுள் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் முன்னின்றார் என்பதும் இவ்வட்டார வரலாற்றோடு சேர்த்துப் படிக்கத்தக்கவை.

ஆனால் அனுமதியில்லாத காய்கறியைத் தேடும் கண்கள், அனுமதி பெற்றுவிட்ட பருத்தியைக் காணத் தவறிவிடுகின்றன. 2002இல் தமிழகம் உள்ளிட்ட மாநிலங்களில் நுழைந்த பி.டி. பருத்தி, இன்று இந்தியப் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் பரவியுள்ளது. அதன் கொட்டை எண்ணெயாகிறது, மாட்டுத் தீவனமாகிறது, மதுரைத் தெருக்களில் மாலையில் விற்கும் பருத்திப்பாலாகிறது. சுத்திகரித்த எண்ணெயில் புரதம் ஏறத்தாழ இல்லை. ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலிலோ கொட்டையின் புரதமும் சேர்ந்தே இறங்குகிறது. கொதிக்கும்போது புரதங்கள் பெரும்பாலும் இயல்பிழக்கும் என்பது உண்மையாயினும், இழை தரும் பயிராகவே பேசி ஏற்கப்பட்ட பருத்தி மக்களின் பானமாகவும் இருப்பது பொது விவாதத்தில் இடம்பெறாமல் போனது சரியன்று. அடுத்து வாயிலில் நிற்பது தாளிப்பின் கடுகு: டி.எம்.எச். 11 என்னும் மரபணு மாற்றக் கடுகில் குளூஃபோசினேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு இருக்கிறது. 2022இல் அதற்கு அளித்த சுற்றுச்சூழல் அனுமதியைப் பற்றி உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2024 ஜூலையில் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினர். விதை உற்பத்திக்கு மட்டுமே அம்மரபணு என்று சொல்லப்பட்டாலும், களைக்கொல்லியைத் தாங்கும் செடி உழவரின் கைக்கு வந்த பின் அக்களைக்கொல்லியை அவர் அடிக்காமல் தடுக்க, புட்டியின் மேலுள்ள அச்செழுத்தைத் தவிர வேறு காவல் இல்லை.

2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பிற இடப் பூண்டு அப்பெயரில் விற்பதைத் தடுக்க அது உதவும். விளைந்த இடத்தையும் பூண்டின் தனிக்குணங்களையும் உறுதிசெய்யும் அக்குறியீடு, பாத்தியில் களை கையால் எடுக்கப்பட்டதா மருந்தால் கருகியதா என்பதற்குச் சான்றளிப்பதில்லை. பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க முன்வரும் நுகர்வோரிடமிருந்து அக்கூடுதலின் ஒரு பங்கு, வடுகபட்டி வழியாக மலையேறி, மன்னவனூரிலும் கவுஞ்சியிலும் பாத்தி ஓரத்தில் குந்தியிருக்கும் பெண்ணின் நாட்கூலியில் சேர வேண்டும். 2023இல் தமிழக அரசு வெளியிட்ட இயற்கை வேளாண் கொள்கையை மலைப்பூண்டில் செயல்படுத்துவோர் முதலில் எழுத வேண்டிய விதி அதுவே.