நூலுக்கு ஒரு விலாசம்

ஒரு லட்சம் நூல்கள் அடுக்கப்பட்ட கூடத்தில் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தி, "பருத்திச் செடியின் நோய்களைப் பற்றிய நூல் ஒன்று இங்கே உண்டு, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? ஒரு நூலை இழுத்து, தலைப்பைப் பார்த்து, திரும்ப வைக்க 10 விநாடி என்று கொள்வோம். எல்லாவற்றையும் பார்த்து முடிக்க 10 லட்சம் விநாடி, அதாவது ஏறத்தாழ 278 மணி நேரம் ஆகும். நாளொன்றுக்கு 8 மணி நேரம் விடாமல் பார்த்தாலும் 35 நாள்! இலையில் புள்ளி விழுந்த செடி அதுவரை காத்திருக்குமா?

ஆகவே நூலகத்துக்கு முதலில் வேண்டிய கருவி விலாசம். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு விலாசம் இருந்து, அதை வாசகர் அறிய வழியும் இருந்துவிட்டால், 35 நாள் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த விலாசத்தை எழுதும் முறையில் உலகம் திரும்பிப் பார்க்கும்படி ஒன்றைச் செய்தவர் ஒரு தமிழர். அவர் சில காலம் நம் கோயம்புத்தூரில் கணித ஆசிரியராக இருந்தவர் என்பது கோவைக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது.

சீர்காழியில் 1892-ல் பிறந்தவர் இராமாமிருதம் அரங்கநாதன். எஸ்.ஆர். ரங்கநாதன் என்றால் பலருக்கும் விளங்கும். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கணிதம் பயின்று, 1917-க்குப் பின் மங்களூர் அரசுக் கல்லூரியிலும், அடுத்துக் கோவை அரசுக் கல்லூரியிலும், பிறகு சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஆசிரியராக இருந்தார். 1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். வகுப்பறையின் கலகலப்பிலிருந்து வந்தவருக்கு, ஆள் நடமாட்டமில்லாத நூலகத்தில் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பது சிறையாகப் பட்டது. சில நாளிலேயே பழைய வேலையைக் கேட்டுக் கல்லூரிக்குப் போய் நின்றார். முதலில் லண்டன் சென்று நூலகக் கலையைப் பயின்று வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்று அவரை அனுப்பி வைத்தார்கள்.

அந்நாளில் மேலை நாடுகளில் பெரிதும் வழங்கியது மெல்வில் டூயி என்ற அமெரிக்கர் 1876-ல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை. அறிவுத் துறைகள் அனைத்தையும் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மீண்டும் பத்துப் பத்தாகப் பிரித்துக்கொண்டே போவது அது. இயற்பியலுக்கு 530. புது நூல் எது வந்தாலும் இரண்டு எண்களுக்கு நடுவே இடம் கிடைக்கும். தசமப் புள்ளிக்குப் பின் இன்னோர் இலக்கம் சேர்த்தால் போதும். அருமையான கருத்துத்தான். ஆனால் அது அமெரிக்கர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்த உலகம். ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று வாசலிலேயே இடம். ஈராயிரம் ஆண்டுத் தமிழ் இலக்கியத்துக்கு, பிற மொழிகளுக்குள் ஒரு மூலையில், 894.811.

இன்னொரு குறையும் உண்டு. "தென்னிந்தியாவில் பருத்தி நோய்களைத் தடுக்கும் முறைகள்" என்று ஒரு நூல் வருகிறது. இதில் பயிர் இருக்கிறது, நோய் இருக்கிறது, தடுப்பு இருக்கிறது, இடமும் இருக்கிறது. முன்கூட்டியே எழுதி வைத்த பட்டியலில் இந்தக் கூட்டுக்கென்று ஓர் எண் இல்லாவிட்டால், நூலகர் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டியதுதான்.

இந்தச் சிக்கல் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, லண்டனில் செல்ஃப்ரிட்ஜ் என்னும் பெரிய கடையில் ரங்கநாதன் ஒரு விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். மெக்கானோ என்று பெயர். துளையிட்ட உலோகப் பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள் கொண்ட ஒரு பெட்டி. கடைக்காரர் அதே துண்டுகளைக் கொண்டு ஒரு பொம்மை செய்கிறார். பிரித்துப்போட்டு வேறொன்று செய்கிறார். எண்களையும் இப்படிச் செய்தால் என்ன? ஆயத்த எண்களின் நீண்ட பட்டியலுக்குப் பதில் துண்டுகளை மட்டும் கொடுத்துவிட்டு, நூலுக்கேற்ப நூலகரே பூட்டிக்கொள்ளட்டும். திருகாணியாக முக்காற்புள்ளி இருக்கட்டும். இதுதான் 1933-ல் நூலாக வெளிவந்த கோலன் பகுப்பு முறை.

இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இதைப் படித்தபோதெல்லாம் பரிமாணங்கள்தான் நினைவுக்கு வரும். நிறை, நீளம், காலம் என்ற மூன்றைக் கொண்டு வேகம், விசை, ஆற்றல் அனைத்தையும் எழுதிவிடுகிறோம் அல்லவா? ரங்கநாதன் பின்னாளில் எடுத்துக்கொண்டவை ஐந்து: எதைப் பற்றியது, எதனால் ஆனது, அதில் என்ன நிகழ்கிறது, எங்கே, எப்போது. பருத்தி, நோய், தடுப்பு, தென்னிந்தியா என்ற துண்டுகளைப் பூட்டினால் விலாசம் தயார். இயற்பியலுக்கு 'சி', மருத்துவத்துக்கு 'எல்', இந்தியாவுக்கு 44, தமிழ் மொழிக்கு 31. மூலைக்குத் தள்ளப்பட்டிருந்த தமிழுக்கு ஆங்கிலத்தோடு சரியாசனம் கிடைத்தது.

குறையில்லாமல் இல்லை. எண்கள் சில சமயம் ரயில்வண்டிபோல் நீண்டன. புதிய பதிப்பு வந்தபோதெல்லாம் பழைய எண்களைத் திருத்தும் தொல்லை. ஆகவே டூயி முறை அளவுக்கு அது பரவவில்லை. ஆயினும் பொருளைக் கூறுகளாகப் பிரித்து வேண்டியபடி சேர்க்கும் அந்தக் கருத்து, பகுப்பு முறை செய்வோர் அனைவரிடமும் போய்ச் சேர்ந்துவிட்டது.

விலாசம் மட்டும் போதுமா? அதை வாசகர் அறிய வேண்டுமே. அதற்குத்தான் பட்டியல் அட்டை. ஐந்து அங்குல நீளம், மூன்று அங்குல அகலம். இழுப்பறையில் வரிசையாக நிற்கும். யாரும் உருவிக்கொண்டு போகாதபடி அடியில் ஒரு கம்பி. எளிய சாதனம், ஆனால் கெட்டிக்காரத்தனமானது. ஒரு நூல் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். அதன் அட்டைகளோ ஆசிரியர் பெயரில் ஒன்று, தலைப்பில் ஒன்று, பொருளில் இரண்டு மூன்று என்று பல இடங்களில் நிற்கலாம். வாசகர் எந்த வாசலில் வந்து தட்டினாலும் கதவு திறக்கும். வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று.

இவையெல்லாம் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே நின்றுவிட்டிருந்தால் பல்லடத்துக் குடியானவருக்கும் கோபியில் படிக்கும் பையனுக்கும் என்ன பயன்? இங்கேதான் இன்னொரு கொங்கு நாட்டுத் தொடர்பு வருகிறது. நூலகச் சட்டத்துக்கான ஒரு மாதிரியை ரங்கநாதன் 1930-லேயே எழுதி வைத்திருந்தார். திருப்பூரில் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான், 1948-ல், சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டங்களுள் அதுவே முதலாவது. வீட்டு வரியில் ரூபாய்க்கு 6 பைசா நூலக வரி. இது பழைய பைசா. 192 பைசா ஒரு ரூபாய். பத்து ரூபாய் வரி கட்டியவர் நூலகத்துக்கென்று தந்தது 60 பைசா, அதாவது ஐந்தணா. அந்த ஐந்தணாக்கள் சேர்ந்துதான் மாவட்ட மைய நூலகங்களும் ஊர்க் கிளைகளும் எழுந்தன.

இனி, கணிப்பொறிக்கு வருவோம். அட்டையில் உள்ள செய்தியைப் பொறி படிக்கும்படி எழுதும் முறையை, 1960-களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியட் அவ்ரம் என்ற பெண்மணி உருவாக்கினார். மார்க் என்று பெயர். ஆசிரியர், தலைப்பு, ஊர், ஆண்டு ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட ஒரு புலம். 1985-ல் யுனெஸ்கோ நிறுவனம் சிறு கணிப்பொறிகளுக்கான ஐசிஸ் என்னும் நிரலை வெளியிட்டது. இந்தியாவின் பல நூலகங்கள் அதில்தான் கை பழகின. 2000-ல் நியூசிலாந்திலிருந்து கோஹா என்ற இலவச நிரல் வந்தது.

நூலின் அட்டைக்குள் ஒட்டும் மின் வில்லையும் வந்தது. அதில் மின்கலம் கிடையாது. படிப்பான் 13.56 மெகாஹெர்ட்சில் ஒரு மாறு காந்தப் புலத்தை எழுப்ப, வில்லையின் சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அதைக் கொண்டே சில்லு விழித்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்கிறது. ஃபாரடே 1831-ல் கண்ட அதே தூண்டல்தான். மேசையருகே வரிசை குறையும், வாசலில் காவல் எளிதாகும். ஆனால் தேடும் வாசகருக்கு இதனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை என்பது என் கருத்து. அவருடைய வழக்கு வேறிடத்தில் இருக்கிறது.

கணிப்பொறிகள் இங்கே வந்தபோது அவற்றுக்குத் தமிழ் தெரியாது. ஆகவே பல இடங்களில் தமிழ் நூல்களின் பெயர்களை ஆங்கில எழுத்தில் தட்டினார்கள். விளைவு என்ன? ழகரத்துக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் வெறும் எல் போடுவார். எல் போட்டால் பலம், பழம், பாலம் மூன்றும் ஒன்றே! இழுப்பறையில் தமிழிலேயே தேடிப் பழகிய வாசகருக்கு, புதுப் பொறி வந்த நாளில் கதவு சாத்தப்பட்டது. தமிழ் வழியில் படித்தவர்கள்தாம் முதலில் வெளியே நின்றார்கள். இதைத் தொழில்நுட்ப வளர்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1991-ல் வெளிவந்த யூனிகோடு தமிழுக்கும் இடம் தந்தது. அது நடைமுறைக்கு வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை ஓர் எழுத்துருவில் தட்டியது இன்னோர் எழுத்துருவில் புரியாத குறிகளாகத் தெரியும். இப்போது அத்தொல்லை தீர்ந்தது. ஆனால் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். யூனிகோட்டின் எண் வரிசையில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற. நம் நெடுங்கணக்கிலோ ற, ன இரண்டும் கடைசியில். எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரல், அகராதியில் பின்னால் வரவேண்டிய 'மனம்' என்பதை 'மயில்' என்பதற்கு முன்னால் வைத்துவிடும். 'அறம்' என்பதை 'அலை'க்கு முன்னால் வைக்கும். தமிழ் அகர வரிசைக்கென்று தனி விதி எழுதப்பட்டிருக்கிறது. நிரலில் அதைத் தேர்ந்துகொள்ள வேண்டும், அவ்வளவே.

வரிசை சரியானாலும் பெயர்களின் தொல்லை தீராது. கோயம்புத்தூர், கோயமுத்தூர், கோவை மூன்றும் நமக்கு ஒரே ஊர். பொறிக்கு மூன்று சொற்கள். கோவை என்று தேடினால் ஊர் வரலாற்றோடு கோவை இலக்கியமும் வரும், கோவைக்காயும் வரலாம். 'பருத்தி' என்று தேடுகிறவருக்கு அதே பொருளில் ஆங்கிலத்தில் உள்ள நல்ல நூல் அகப்படாது. ஆனால் பகுப்பு எண்ணுக்கு மொழி கிடையாது. தமிழ் நூலானாலும் ஆங்கில நூலானாலும் பருத்தி நோய்க்கு எண் ஒன்றே. ஊரை எப்படி எழுதினாலும் அதன் எண் ஒன்றே. தேடும் பெட்டி வந்துவிட்டதே, இனி எண் எதற்கு என்று பகுப்பதைக் கைவிடும் நூலகங்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

மார்க் பதிவில், நூலின் பெயரை அதன் சொந்த எழுத்திலேயே எழுதுவதற்கென்று பின்னாளில் ஒரு புலம் ஒதுக்கினார்கள். அதன் எண் 880. அடுத்த முறை உங்கள் நூலகத்துக்குப் போகும்போது, ஏதாவது ஒரு தமிழ் நூலின் பெயரைத் தமிழிலேயே தட்டித் தேடிப் பாருங்கள். நூல் ரேக்கில் இருந்தும் திரையில் வரவில்லையானால், நூலகரிடம் அந்த 880-ஐப் பற்றிக் கேளுங்கள். ஒரு நூலுக்கு அதை நிரப்பச் சில நிமிடங்களே ஆகும்.