அப்ரண்டிஸ்: ஒரு சொல், இரண்டு வாழ்க்கை

ஓசூர் சிப்காட் பக்கம் 'அப்ரண்டிஸ்' என்று சொன்னால் எல்லோருக்கும் ஒரே படம்தான் மனசில் வரும். ஐ.டி.ஐ. முடித்த பையன், நீலச் சட்டை, ஷிப்டு பஸ், ஒரு வருஷம் உதவித்தொகை. அப்புறம்? 1961-ம் வருட அப்ரண்டிஸ் சட்டத்தின் 22-வது பிரிவு, பயிற்சி முடித்தவருக்கு வேலை கொடுக்க வேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லை என்றே முன்பு சொன்னது; 2014 திருத்தத்துக்குப் பிறகு, அவரை வேலைக்கு எடுப்பது பற்றிய கொள்கையை முதலாளியே வகுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. சான்றிதழை வாங்கிக்கொண்டு அடுத்த கேட்டுக்கு நடக்க வேண்டியதுதான்.

இதே சொல்லுக்கு இந்திய ரயில்வேயில் இன்னொரு அர்த்தமும் இருந்தது. 'ஸ்பெஷல் கிளாஸ் ரயில்வே அப்ரண்டிஸ்', சுருக்கமாக எஸ்.சி.ஆர்.ஏ. பிளஸ் டூ முடித்தவரை நேராக ரயில்வேயின் குரூப் 'ஏ' மெக்கானிக்கல் அதிகாரியாக வளர்த்தெடுத்த திட்டம் அது.

கதை பீகாரில் முங்கேர் பக்கத்து ஜமால்பூரில் தொடங்குகிறது. கிழக்கிந்திய ரயில்வே 1862-ல் அங்கே பணிமனை வைத்தது. 1899-ல் 'லேடி கர்சன்' என்ற நீராவி எஞ்சினையே அங்கு கட்டினார்கள். கை வேலை உள்ளூர்க்காரர்களுடையது. மேலே உட்கார்ந்த அதிகாரிகள் பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து வந்தவர்கள். 1924-ல் லீ கமிஷன், ரயில்வே உயர் பதவிகளில் இந்தியாவிலேயே ஆள் எடுப்பதைக் கூட்டவேண்டும், அதற்கான பயிற்சி வசதியையும் பெருக்கவேண்டும் என்றது. மூன்று வருஷம் கழித்து, 1927-ல், ஜமால்பூரில் இந்தத் திட்டம் ஆரம்பமானது. அதாவது, இதன் வேரில் இருந்தது 'எஞ்சினை ஓட வைக்கிற அதிகாரம் யார் கையில்?' என்ற கேள்வி.

சுதந்திரத்துக்குப் பிறகு தேர்வை நடத்தியது யு.பி.எஸ்.சி. வயது 17 முதல் 21. பொதுத்திறன், இயற்பியல்-வேதியியல், கணிதம் என மூன்று தாள், தாளுக்கு 200 மதிப்பெண். நேர்முகத்துக்கு இன்னொரு 200. நாடு முழுக்க எழுதுவார்கள். எடுப்பதோ சில பத்துப் பேரைத்தான். தேறியவருக்கு நாலு வருஷம் வகுப்பும் பணிமனையும் மாறி மாறி. கையில் அரம் பிடித்து இரும்பைத் தேய்க்காமல் யாரும் அதிகாரி ஆகமுடியாது. பிற்காலத்தில் ராஞ்சி மெஸ்ரா பி.ஐ.டி.யின் பொறியியல் பட்டமும் சேர்ந்தது. படிக்கும்போதே உதவித்தொகை, முடித்ததும் வேலை.

சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப்.-பில் 2018-ல் வெளிவந்த 'டிரெயின் 18' தெரியும்தானே? இன்றைய வந்தே பாரத். அப்போது அங்கே பொது மேலாளராக இருந்த சுதான்ஷு மணி இந்த ஜமால்பூர் வழியில் வந்தவர்தான்.

2015-க்குப் பிறகு யு.பி.எஸ்.சி. இந்தத் தேர்வை நடத்தவில்லை. தெருவுக்குத் தெரு பொறியியல் கல்லூரி வந்த பிறகு, 17 வயசுப் பையனை அரசே செலவழித்துப் படிக்கவைப்பானேன் என்பது ஒரு நியாயம். இன்ஜினியரிங் சர்வீசஸ் தேர்வு எழுதி வந்த பட்டதாரிகளும் திறமைசாலிகள்தான், மறுக்கவில்லை.

ஆனால் கிருஷ்ணகிரியிலிருந்து பார்த்தால் கணக்கு மாறுகிறது. 1905-ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1913-ல் மொரப்பூர், தருமபுரி வழியாக ஓசூருக்கும் குறுகிய பாதை ரயில் வந்தது. பஞ்ச நிவாரணத்துக்காகப் போட்ட பாதைகள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரண்டையுமே மூடிவிட்டார்கள். ஓசூருக்கு அப்புறம் வேறு பாதை வந்தது. கிருஷ்ணகிரி ஊருக்கு இன்றுவரை ரயில் இல்லை. ஸ்டேஷனே இல்லாத ஊரின் அரசுப் பள்ளி மாணவிக்கோ மாணவனுக்கோ, பிளஸ் டூ முடித்ததும் கல்லூரிக் கட்டணம் இல்லாமல் ரயில்வே அதிகாரி ஆக ஒரு கதவு இருந்தது என்பதை யார் சொன்னார்கள்? அந்தக் கதவு காகிதத்தில் எல்லோருக்கும் திறந்திருந்தது. நடைமுறையில், அதன் பெயரைக் கேள்விப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்.

மூடியது சரியா தவறா என்று சண்டை போடலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 'கற்றுக்கொள், நாங்கள் உன்னை வைத்துக்கொள்கிறோம்' என்ற வாக்குறுதியை அதிகாரிப் பயிற்சிக்குக் கொடுக்க முடிந்த நாடு இது. சிப்காட்டில் ஸ்பேனர் பிடிக்கிற அப்ரண்டிஸுக்கு மட்டும் அதை ஏன் சட்டத்தில் எழுதவில்லை?