வெண்கோல் நடைப்போட்டி: கோல் கைத்திறனான கதை

வெண்கோல் நடைப்போட்டி என்பது பார்வையற்ற மாணவர்கள் யார் கையையும் பிடிக்காமல் ஒரு குறிப்பிட்ட வழியில் நடந்து காட்டும் போட்டி. கோலைப் பிடிக்கும் முறை, அதன் வீச்சு, சொன்ன வழியை நினைவில் வைத்துத் திரும்புதல், வண்டிச் சத்தத்தைக் கேட்டுச் சாலையைக் கடப்பது ஆகியவற்றை நடுவர்கள் பார்க்கிறார்கள்.

கோலுக்கு வெள்ளை நிறம் வந்தது மற்றவர் கண்ணுக்காக. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் விபத்தில் பார்வை இழந்த புகைப்படக்காரர் ஜேம்ஸ் பிக்ஸ், வீட்டருகே பெருகிய வண்டிகளுக்கு அஞ்சி, 1921இல் தன் கைத்தடிக்கு வெள்ளை வண்ணம் பூசினார். அமெரிக்காவின் பியோரியா நகரம் 1930இல் வெண்கோல் ஏந்தியவருக்கு வழிவிட வேண்டும் என்று விதி செய்தது. பாரிஸில் கில்லி தெர்பெமோன் என்ற பெண்மணி 1931இல் வெண்கோல் வழங்கும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். இவை எல்லாம் ஓட்டுநர்களுக்கான எச்சரிக்கைதான். ஏந்தியவருக்குத் தரையைப் பற்றி அந்தக் குட்டைத் தடி அதிகம் சொல்லவில்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவர் ரிச்சர்ட் ஹூவர். பார்வையற்றோர் பள்ளியில் ஆசிரியராக இருந்த அவர், இரண்டாம் உலகப் போரின்போது பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜ் இராணுவ மருத்துவமனையில், பார்வை இழந்த வீரர்களிடையே 1944 முதல் பணியாற்றினார். நெஞ்செலும்பு உயரத்துக்கு நீண்ட, எடை குறைந்த கோலை அவர் அமைத்தார். இடது கால் முன்னே போகும்போது கோல்முனை வலப்பக்கம் தொடும். வலது கால் எழும்போது இடப்பக்கம். அடுத்த காலடி விழப்போகும் இடத்தைக் கோல் ஒரு அடி முன்னதாகவே தொட்டுப் பார்த்துவிடுகிறது. இத்தனை எளிய ஓர் ஒழுங்கு, பார்வையற்றோர் வாழ்வைப் பிரெயில் எழுத்துக்கு இணையாக மாற்றியது என்றால் அது மிகையல்ல. 1948இல் இல்லினாய் மாநிலத்தின் ஹைன்ஸ் மருத்துவமனையில் பார்வை இழந்த வீரர்களுக்கென மறுவாழ்வு மையம் தொடங்கியது. அதை நடத்திய ரஸ்ஸல் வில்லியம்ஸும் போரில் பார்வை இழந்தவர்.

வீரர்களுக்கு முதலில் கிடைத்த பயிற்சி குழந்தைகளைத் தாமதமாகவே எட்டியது. அக்டோபர் 15 வெண்கோல் பாதுகாப்பு நாளாக அமெரிக்காவில் 1964இல் அறிவிக்கப்பட்டது. லாஸ் ஏஞ்சலஸின் பிரெயில் இன்ஸ்டிட்யூட் பிற்காலத்தில் பள்ளி மாணவர்களுக்காக ‘கேன் க்வெஸ்ட்’ என்ற போட்டியை உருவாக்கியது. மைதானத்தில் அல்லாமல் ஊர்த் தெருக்களில் நடக்கிறது என்பதே அதன் தனிச்சிறப்பு.

தமிழ்நாட்டில் பார்வையற்றோர் கல்வி பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. பூந்தமல்லி அரசுப் பள்ளி 1931இல் வந்தது. விடுதியோடு கூடிய பள்ளியில் வகுப்பும் சாப்பாட்டுக் கூடமும் ஒரே வளாகத்தில் இருக்கும். சில வாரங்களில் வழி பழகிவிடும். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பொதுப் பள்ளியில் சேர்க்க 1974இல் மத்திய அரசு கொண்டுவந்த ஒருங்கிணைந்த கல்வித் திட்டமும், அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமையை உறுதிசெய்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் நிலைமையை மாற்றின. வீட்டிலிருந்து பள்ளிக்குச் செல்லும் வழியே பயிற்சிக்களம் ஆனது.

அந்த வழி ஊருக்கு ஊர் வேறு. கள்ளக்குறிச்சி மாவட்டம் எலவனாசூர்கோட்டை, சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். கல்வராயன் மலைக் கிராமங்களிலோ மேடும் பள்ளமுமான பாதை. நடைபாதை விளிம்பைக் கோலால் தடவிக்கொண்டே போகும் அமெரிக்கப் பாடம் இங்கே அப்படியே பொருந்தாது. தார் முடிந்து மண் தொடங்கும் இடம், திறந்த சாக்கடையின் விளிம்பு, கடை வாசலில் நிற்கும் பைக், டீக்கடையின் பாய்லர் சத்தம் ஆகியவையே இங்கு அடையாளங்கள். இந்தப் பகுதியில் போட்டி நடத்துவோர் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவதைவிட, பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளி வாசல் வரையிலான வழியையே தடமாக வைப்பது பொருத்தம்.

தலைமட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தகரக் கூரையை எந்தக் கோல்முனையும் தொடாது. அதற்காக ஐஐடி டெல்லி உருவாக்கி, சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரித்த ‘ஸ்மார்ட்கேன்’ 2014இல் வெளிவந்தது. முழங்காலுக்கு மேலுள்ள தடைகளை அது மீயொலியால் அறிந்து, கைப்பிடியின் அதிர்வால் தெரிவிக்கிறது. கோலின் மேல் பொருத்தும் கருவி என்பதால், ஹூவரின் வீச்சைக் கற்றவர்தான் அதனால் முழுப் பயன் பெற முடியும்.