ஐம்பது நாள் மௌனம்

பிழை செய்த மனிதன் முதலில் தேடுவது மன்னிப்பை அன்று, சாக்குப்போக்கையே. தொடக்கநூலில் ஆதாம் தன் துணைவியைச் சுட்டிக்காட்டினான். அவளோ பாம்பைச் சுட்டிக்காட்டினாள். அன்று நீண்ட அந்தச் சுட்டுவிரல் இன்னும் மடங்கவில்லை என்பதை, பாவசங்கீர்த்தனத்திற்காக முழந்தாளிடும் வேளைகளில் நாம் உணர்ந்திருக்கிறோம்.

திருக்குர்ஆனும் இந்நிகழ்ச்சியைக் கூறுகிறது. ஆனால் அங்கே ஆதாமும் அவர் துணைவியாரும் ஒருவர்மீது ஒருவர் பழி சுமத்தவில்லை. தமக்குத் தாமே தீங்கிழைத்துக் கொண்டதாக இருவரும் ஒன்றாக அறிக்கையிடுகின்றனர். இறைவனும் ஆதாமின் மனமாற்றத்தை ஏற்றுக்கொள்கிறார். எனவே அவர் குற்றம் வழிவழியாகத் தொடர்கிறது என்று இஸ்லாம் கொள்வதில்லை. நாம் ஏற்கும் பிறப்புநிலைப் பாவம் என்னும் கோட்பாடு அங்கு இல்லை. மனமாற்றத்திற்கு இஸ்லாமியர் வழங்கும் சொல் 'தவ்பா'. திரும்புதல் என்பதே அதன் பொருள். மனந்திரும்புதல் என்னும் நம் தமிழ்ச்சொல்லிலும் அதே திரும்புதல் குடிகொண்டிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

இத்திரும்புதல் ஒரு மனிதரின் வாழ்வில் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இஸ்லாமிய வரலாற்றின் தொடக்க ஆண்டுகளிலேயே காண்கிறோம். அவர் மதீனா நகரக் கவிஞர் கஅப் பின் மாலிக். முதுமையில் பார்வையிழந்த பின் தம் மகனிடம் அவர் சொன்ன வரலாற்றை, ஒன்பதாம் நூற்றாண்டில் நபிமொழிகளைத் தொகுத்த புகாரியும் முஸ்லிமும் தத்தம் நூல்களில் பதிந்து வைத்துள்ளனர்.

கி.பி. 630ஆம் ஆண்டு. பைசாந்தியப் படையை எதிர்பார்த்து, வடக்கே தொலைவிலிருந்த தபூக்கை நோக்கி நபிகள் நாயகம் புறப்பட ஆயத்தமானார். கடுங்கோடை, நெடும்பயணம். மதீனாவிலோ கனிகள் பழுத்து, மரநிழல் இனித்த பருவம். கஅபுக்கு உடல்வலிமை இருந்தது. என்றுமில்லாதவாறு ஏறிச்செல்ல இரண்டு ஒட்டகங்களும் இருந்தன. நாளை புறப்படலாம் என்று நாள்தோறும் எண்ணினார். படை கண்ணுக்கெட்டாத் தொலைவு சென்றுவிட்டது. அவர் செய்த பாவம் கொலையன்று, களவன்று. நாளை என்ற ஒரு சொல்லே.

போர் நிகழாமலே படை திரும்பியது. பின்தங்கியவர்கள், எண்பதுக்கும் மேற்பட்டோர், நபிகளாரிடம் வந்து ஆளுக்கொரு காரணம் கூறி ஆணையிட்டனர். அவர் அவர்களுடைய வாய்மொழியை ஏற்று, உள்ளத்தை இறைவனிடம் விட்டுவிட்டார். கஅபின் முறை வந்தது. சொல்வன்மை மிக்க கவிஞருக்கு ஒரு காரணம் புனைவது அரிதன்று. ஆயினும் இன்று பொய்யால் மனிதரை மகிழ்வித்தாலும் நாளை இறைவன் அதை வெளிப்படுத்துவார் என்று அஞ்சி, தமக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். இவர் உண்மை சொன்னார் என்று கூறிய நபிகளார், இறைவனின் தீர்ப்பு வரும்வரை காத்திருக்குமாறு அவரை அனுப்பிவிட்டார்.

உறவினர் அவரைக் கடிந்துகொண்டனர். மற்றவர்களைப்போல் ஒரு காரணம் சொல்லியிருக்கலாகாதா என்று வற்புறுத்தினர். திரும்பிச் சென்று பொய் சொல்லிவிடலாமா என்றுகூட அவர் நெஞ்சம் தடுமாறியது. முராரா, ஹிலால் என்னும் நல்லோர் இருவரும் தம்மைப் போலவே உண்மையுரைத்தனர் என்று கேட்டபின்னரே உறுதி கொண்டார்.

பொய் சொன்னவர்கள் உடனே வீடு திரும்பினர். மெய் சொன்ன மூவரோடு மட்டும் எவரும் பேசலாகாது என்று ஆணை பிறந்தது. இருவர் வீட்டுக்குள் அழுதுகொண்டிருக்க, இளையவரான கஅப் கடைவீதிக்கும் தொழுகைக்கும் சென்றுவந்தார். நபிகளாருக்கு முகமன் கூறி, பதில் சொல்ல அவர் இதழ்கள் அசைந்தனவா என்று ஏங்குவார். தாம் தொழும்போது நபிகளாரின் பார்வை தம்மீது படிவதையும், தாம் திரும்பியதும் அது விலகுவதையும் கண்டார். ஒருநாள் நெருங்கிய உறவினரான அபூ கதாதாவின் தோட்டச்சுவரில் ஏறி முகமன் கூறினார். மறுமொழி இல்லை. இறைவனையும் அவர் தூதரையும் தாம் நேசிப்பதை அவர் அறியாரா என்று மும்முறை கேட்டபின், அது இறைவனுக்கும் தூதருக்குமே தெரியும் என்ற விடை மட்டும் வந்தது. கஅப் கண்ணீரோடு திரும்பினார்.

அந்நேரம் பார்த்து ஒரு மடல் வந்தது. அனுப்பியவர் கஸ்ஸான் நாட்டு அரசர். கஸ்ஸானியர் கிறிஸ்தவ அரபியர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. இழிவுபடுத்தப்பட்ட அவர் தம்மிடம் வந்தால் ஆதரிப்பதாக அரசர் எழுதியிருந்தார். இதுவும் ஒரு சோதனையே என்று உணர்ந்த கஅப், அம்மடலை அடுப்பிலிட்டு எரித்தார். புண்பட்டவனுக்கு அடைக்கலம் தருவது வேறு. அவன் புண்ணைத் தன் ஆதாயத்திற்குப் பயன்படுத்துவது வேறு.

நாற்பது நாள் கழிந்தபின், மனைவியரிடமிருந்தும் விலகியிருக்க வேண்டுமென்ற ஆணை வந்தது. முதியவரான ஹிலாலுக்குப் பணிவிடை செய்ய மட்டும் அவர் மனைவிக்கு இசைவு கிட்டியது. ஐம்பதாம் நாள் வைகறைத் தொழுகைக்குப் பின், வீட்டுக் கூரைமேல் அமர்ந்திருந்த கஅபின் செவியில், சல்உ குன்றிலிருந்து ஒருவர் உரக்கக் கூவிய நற்செய்தி விழுந்தது. இறைவன் மன்னித்துவிட்டார்! செய்தி சொன்னவருக்குத் தம் ஆடைகளைப் பரிசளித்துவிட்டு, இரவல் ஆடை அணிந்து பள்ளிவாசலுக்கு விரைந்தார். தல்ஹா எழுந்தோடி வந்து கைபற்றி வாழ்த்தினார். நபிகளாரின் முகம் மகிழ்ச்சியால் ஒளிர்ந்தது.

இந்நிகழ்ச்சியைத் திருக்குர்ஆனின் ஒன்பதாம் அதிகாரம் குறிப்பிடுகிறது. தவ்பா என்பதே அதன் பெயர். பரந்த பூமி அம்மூவருக்கும் குறுகிப்போனதையும், இறைவனிடமன்றி வேறு புகலில்லை என்று அவர்கள் உணர்ந்ததையும் கூறும் அவ்வசனம், அவர்கள் திரும்பும் பொருட்டு இறைவனே முதலில் அவர்கள்பால் திரும்பினார் என்று முடிவு சொல்கிறது. தொலைவிலேயே மகனைக் கண்டு ஓடிவந்த தந்தையை அறிந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பேரறிஞர் நவவி, தவ்பாவின் நிபந்தனைகளை வகுத்துரைத்தார்: பாவத்தை விடுதல், அதற்காக வருந்துதல், மீண்டும் செய்யேன் என்று உறுதி பூணுதல். பிறருக்குத் தீங்கிழைத்திருந்தால் நான்காவதும் உண்டு: அவருக்குரியதை அவரிடமே ஈடுசெய்தல். அதே இயலில் அவர் கஅபின் வரலாற்றையும் சேர்த்தார்.

வேறுபாடுகள் உண்டு. முஸ்லிம் தன் பாவத்தை இறைவனிடமே நேரடியாக அறிக்கையிடுகிறார். குருவும் இல்லை, அருட்சாதனமும் இல்லை. நமக்கோ மன்னிப்பு சிலுவையின் வழியாக வருவது. ஆயினும் பாவம் சமூகத்தையும் காயப்படுத்துகிறது என்பதை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். கி.பி. 390இல் தெசலோனிக்காவில் மக்களைக் கொன்று குவிக்கச் செய்த பேரரசர் தெயோதோசியுசை, மிலான் ஆயர் புனித அம்புரோசியார் வெளிப்படையாகத் தவம் செய்யப் பணித்தார். அதன் பின்னரே நற்கருணைப் பந்தியில் சேர்த்தார். இன்று நம் அறிக்கைகள் சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. சுருக்கம் குற்றமன்று. அச்சுருக்கத்திற்குள் உண்மை இருக்கிறதா என்பதே கேள்வி.

முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்புடன் நோக்குகிறது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று அறிவித்தது. மதித்தல் என்பது அவர்தம் சான்றோரிடம் கற்றலையும் உள்ளடக்கும் என்று நாம் கருதுகிறோம். சாக்குச் சொன்ன எண்பதுக்கும் மேற்பட்டோர் அன்று மாலையே நிம்மதியாக உறங்கியிருக்கலாம். உண்மை சொன்னவருக்கோ ஐம்பது இரவுகள் தேவைப்பட்டன. ஆயினும் வைகறையில் கூரைமேல் அமர்ந்து நற்செய்தியைக் கேட்டவர் அவரே. அடுத்தமுறை நாம் முழந்தாளிடும்போது, நாவில் முந்திவரும் காரணத்தைச் சற்றே நிறுத்தி வைப்போம்.