மூச்சுக்கு மூச்சு ஒரு படைப்பு: இப்னு அரபியின் கற்பனைக் கோட்பாடு

கற்பனை என்ற சொல்லை நாம் பெரும்பாலும் மெய்க்கு எதிர்ச்சொல்லாகவே கையாள்கிறோம். 'எல்லாம் கற்பனை' என்று சொல்லிவிட்டால் வழக்கு முடிந்துவிடுகிறது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இத்தீர்ப்பை ஏற்க மறுத்தவர் சூஃபி ஞானி இப்னு அரபி. 1165இல் ஆந்தலூசியாவின் முர்சியா நகரில் பிறந்து, 1240இல் டமாஸ்கஸில் மறைந்தவர்.

இளமையில் குர்துபாவில் தத்துவஞானி இப்னு ருஷ்தைச் சந்தித்ததை அவரே பதிவு செய்திருக்கிறார். பகுத்தறிவு கண்டதும் அகக்காட்சி காட்டுவதும் ஒன்றுதானா என்பது மூத்தவரின் வினா. இளைஞர் முதலில் ஆம் என்றார். உடனே இல்லை என்றும் சொன்னார். பின்னாளில் அவர் எழுதிய பெருநூல்கள் அந்த இரு விடைகளுக்கும் இடைப்பட்ட வெளியைப் பற்றியவை எனலாம்.

அவ்வெளியே 'கயால்', அதாவது கற்பனை. அது ஒரு 'பர்ஸக்', இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவரம்பு. அங்கே ஆவி உருவம் கொள்கிறது; உருவம் ஆவியாகிறது. கண்ணாடியில் தெரியும் முகம் உண்டா, இல்லையா? உண்டு, இல்லை என்ற இரண்டுமே சரி. இவ்வுலகமும் இறைவனைப் பொறுத்து அத்தகையதே என்கிறார். பேரருளாளனின் மூச்சில் சொற்களாக வெளிப்பட்டவை படைப்புகள்.

மூச்சு ஒருமுறை விட்டு நின்றுபோவதன்று. ஆகவே படைப்பும் முடிந்துபோன நிகழ்ச்சியன்று. திருக்குர்ஆன் உயிர்த்தெழுதலைக் குறித்துச் சொல்லும் 'புதிய படைப்பு' என்ற சொல்லாட்சியை அவர் ஒவ்வொரு கணத்துக்கும் உரியதாக்கினார். 1229இல் உருவான 'ஃபுஸூஸுல் ஹிகம்' நூலில், சுலைமான் நபியின் அவைக்கு ஷேபா அரசியின் அரியணை வந்த கதையை இப்படித்தான் விளக்குகிறார். அரியணை வழிநடந்து வரவில்லை. அங்கே மறைந்த கணத்தில் இங்கே மீண்டும் படைக்கப்பட்டது. நாமும் அவ்வாறே கணந்தோறும் அழிந்து பிறக்கிறோம். ஒன்றுபோல் தொடர்வதால் அதனை உணர்வதில்லை. அந்த உணர்வு வாய்ப்பதே ஆன்மிக மறுபிறப்பு.

படைத்தவனையும் படைப்பையும் ஒன்றாக்கிவிட்டார் என்ற குற்றச்சாட்டு அவரை விடவில்லை. இப்னு தைமிய்யா போன்ற அறிஞர்கள் கடுமையாக மறுத்தனர். ஆனால், 1516இல் டமாஸ்கஸைக் கைப்பற்றிய உஸ்மானிய சுல்தான் முதலாம் சலீம், அவரது அடக்கத்தலத்தைச் சீரமைத்து அருகே பள்ளிவாசலும் எழுப்பினார்.

ஏற்பதும் மறுப்பதும் அவரவர் நம்பிக்கை. ஆயினும், கற்பனையைப் பொய்யின் பக்கம் ஒதுக்கிவிட்டால், இறைவனை மனிதன் எதைக்கொண்டு காண்பான் என்ற அவருடைய கேள்விக்கு இலக்கிய வாசகராகிய நாமும் விடை சொல்லக் கடமைப்பட்டவர்களே.