கேட்க மறுத்தவர்களின் ஓசை: வியன்னா, 1908



ஒரு படைப்பைக் கேட்டு முடித்துவிட்டு ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று சொல்வது ரசிகரின் உரிமை. மற்றவரையும் கேட்கவிடாமல் செய்வது வேறு வகையான செயல். இவ்விரண்டுக்கும் உள்ள தூரத்தை ஒரு மாலைப்பொழுதின் வரலாற்றைக் கொண்டு இந்த நினைவுரையில் பேச விரும்புகிறேன்.

1908 டிசம்பர் 21 அன்று வியன்னாவின் பொசெண்டார்ஃபர் அரங்கில் ஆர்னால்ட் ஷோன்பெர்க்கின் இரண்டாவது ஸ்டிரிங் குவார்ட்டெட் முதன்முதலாக இசைக்கப்பட்டது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ சேர்ந்த இந்த வடிவத்துக்கு ஐரோப்பியச் செவ்வியல் இசையில் தனி மரியாதை உண்டு. சொல் கலவாத தூய இசை என்று அதைப் போற்றி வந்தார்கள். ஷோன்பெர்க் அதற்குள் ஒரு பெண்குரலைக் கொண்டுவந்தார். நான்கு பகுதிகளில் கடைசி இரண்டில், ஸ்டெஃபான் கெயோர்கெ எழுதிய இரு கவிதைகளை சோப்ரானோ பாடகி பாட வேண்டும். நான்காம் பகுதியின் இசைக்குறிப்பில் ஆதார சுருதியைச் சுட்டும் அடையாளமே இல்லை. எந்தச் சுரத்துக்குத் திரும்பி வருவோம் என்று தெரியாத நிலையில் செவி தடுமாறும். ஆகவே அவையினர் திகைத்ததில் குற்றமில்லை.

அன்று மேடையில் இருந்தவர்களின் திறமையிலும் யாரும் ஐயப்பட முடியாது. ரோசே குழுவின் தலைவர் ஆர்னால்ட் ரோசே 1881 முதல் அரசவை ஆப்பெராவின் வாத்தியக் குழுவில் முதல் வயலின் கலைஞர். பாடிய மரி குட்ஹைல்-ஷோடர் அதே ஆப்பெராவின் புகழ்பெற்ற பாடகி.

அன்று நடந்ததை ஷோன்பெர்க் பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார். முதல் பகுதி அமைதியாகக் கடந்தது. இரண்டாம் பகுதி தொடங்கியதுமே பெரும்பாலோர் சிரிக்க ஆரம்பித்தார்கள். பாடகி பாடும்போதும் இடையூறு நிற்கவில்லை. குரல் ஓய்ந்தபின் நான்கு கருவிகள் மட்டும் இசைக்கும் நீண்ட முடிவுப் பகுதி வருகிறது. அதை மட்டும் சலசலப்பின்றிக் கேட்டார்கள். எதிரிகளின் மனத்தையும் அது தொட்டிருக்குமோ என்று அவர் பின்னாளில் யோசித்தார்.

சிரித்தவர்கள் இசையறியாதவர்கள் அல்லர். கச்சேரி கேட்டுப் பழகிய நகரத்தின் கச்சேரி கேட்டுப் பழகிய மக்கள். எது இசை என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் தம்மிடம் இருப்பதாக நம்பியவர்கள். மேடையில் இருந்த படைப்போ, அந்த அதிகாரத்துக்கு வெளியே வளர்ந்த ஒருவருடையது. ஷோன்பெர்க் 1874இல் வியன்னாவில் யூதர்கள் செறிந்து வாழ்ந்த லியோபோல்ட்ஸ்டாட் பகுதியில் பிறந்தவர். தந்தை காலணிக் கடை நடத்தியவர். இளமையிலேயே தந்தையை இழந்து, வங்கியில் வேலை பார்த்து, பெரும்பாலும் தாமே இசை கற்றவர்.

ஆனால் அன்றைய சிரிப்பு முழுவதையும் யூத வெறுப்பு என்று எழுதிவிட்டால் வரலாறு பிழைபடும். அந்நகரின் மேயர் கார்ல் லூகர் யூத எதிர்ப்பு அரசியலால் வளர்ந்தவர் என்பது உண்மை. வியன்னாவின் இசை ரசிகர்களிலும் விமர்சகர்களிலும் யூதர்கள் கணிசமாக இருந்தார்கள் என்பதும் உண்மை. பழகிய செவியின் பிடிவாதத்தால் சிரித்தவர்களும் இருந்தார்கள்.

அந்தப் பிடிவாதம் மாறக்கூடியது. 1912 அக்டோபர் 16 அன்று பெர்லினில் ‘பியரோ லூனேர்’ அரங்கேறியது. 21 கவிதைகளை, பாட்டுமாகாமல் பேச்சுமாகாமல், இரண்டுக்கும் நடுவே நிற்கும் குரலில் ஆல்பெர்ட்டின் ட்ஸேமெ என்ற நடிகை சொன்னார். அங்கும் ஏளனம் எழுந்தது. ஆனாலும் முடிவில் பாராட்டே மேலோங்கியது. அக்குழு ஊர் ஊராகச் சென்று அதை நிகழ்த்தியது.

1918இல் ஷோன்பெர்க் வியன்னாவில் தனிப்பட்ட இசை நிகழ்வுகளுக்கான ஒரு சங்கத்தை நிறுவினார். உறுப்பினர்களுக்கு மட்டுமே அனுமதி. கைதட்டக் கூடாது, எதிர்ப்பும் காட்டக் கூடாது. பத்திரிகை விமர்சகருக்கு இடமில்லை. கடினமான படைப்புகளைத் திரும்பத் திரும்ப இசைத்தார்கள். ஒருமுறை கேட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது என்பதே அதன் அடிப்படை. இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலையும் இருந்தது. கதவைச் சாத்தியதால் கூச்சல் வெளியே நின்றது. புதிதாகக் கேட்க வரக்கூடியவர்களும் வெளியே நின்றார்கள். 1921இல் சங்கம் முடிவுக்கு வந்தது.

அதே 1921 கோடையில் மாட்ஸே என்ற ஏரிக்கரை ஊரில் தங்கியிருந்தார். யூத விருந்தினர் வெளியேற வேண்டும் என்று ஊரார் அறிவித்தார்கள். ஷோன்பெர்க் 1898லேயே புராட்டஸ்டன்ட் கிறித்தவராக மாறியவர். ஞானஸ்நானச் சான்றிதழைக் காட்டித் தங்கியிருக்கலாம். காட்டவில்லை, கிளம்பிவிட்டார். மதம் மாறினாலும் பிறப்பைத் துருவும் கேள்வியைப் பற்றி இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1933இல் பெர்லின் கலைக் கழகத்துப் பதவி பறிபோயிற்று. அதே ஆண்டு பாரிஸில் அவர் யூத சமயத்துக்கே திரும்பினார். 1938இல் நாஜிகள் டுஸ்ஸல்டார்ஃபில் நடத்திய ‘சீரழிந்த இசை’க் கண்காட்சியில் அவர் பெயரும் இடம்பெற்றது. அந்த ஆண்டே ஆர்னால்ட் ரோசேயும் 57 ஆண்டுப் பணியை இழந்தார். பின்பு லண்டனுக்குத் தப்பிச் சென்றார். அவர் மகள், வயலின் கலைஞர் அல்மா ரோசே, 1944இல் ஆஷ்விட்ஸ் முகாமில் இறந்தார்.

1908இன் சிரிப்பையும் 1938இன் தடையையும் ஒன்றாக்க வேண்டாம். சிரித்தவர்கள் குறைந்தது அரங்குக்கு வந்து அமர்ந்தார்கள். கடைசியில் சற்றே அமைதியும் ஆனார்கள். தடை செய்தவர்களுக்கு இசையைக் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பெயரும் பிறப்பும் போதுமானதாக இருந்தன. ஆனால் ‘இது இசையே அல்ல’ என்ற சொல்லை அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நாகரிகமான அரங்குகளில் அது முன்பே புழக்கத்தில் இருந்தது.

‘இது இலக்கியமா?’ என்ற கேள்வியைத் தாங்கி வளர்ந்த மன்றம் நம்முடையது. நம் மேடையிலும் நமக்குப் பிடிபடாத வடிவில் எழுதும் இளையவர்கள் ஏறத்தான் போகிறார்கள். அவர்களோடு வாதிடுவோம், தேவையென்றால் கடுமையாகவே மறுப்போம். ஆனால் அவர்கள் வாசித்து முடிக்கும்வரை இருந்து கேட்போம்.