வசந்த மண்டபமும் ஒரு தையல் மெஷினும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் பண்பொழிக்கு வந்திருந்தான். திருமலைக் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே நம் வீட்டுக்கும் வந்தான். அவன் அப்பா கட்டிய வணிக வளாகம் தென்காசியில் இருக்கிறது. இரண்டு மாடி, பன்னிரண்டு கடை. கட்டி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாடியில் பாதிக் கடைகளில் ஷட்டர் ஏறுவதே இல்லையாம். அதைப் புதுப்பிக்கப் போகிறான். போனில் படம் காட்டினான். சுவரெல்லாம் பச்சை இலை (பிளாஸ்டிக்), தூண்களுக்கு மரப்பட்டை மாதிரி பெயின்ட், நடுவில் ஒரு செயற்கை அருவி.

"இயற்கை டிசைன் சார். இப்பதான் வந்திருக்கு" என்றான்.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருப்பவனுக்குச் செயற்கை அருவி எதற்கு என்று கேட்க வந்த வாயை அடக்கிக்கொண்டேன். ஆனால் "இப்பதான் வந்திருக்கு" என்றானே, அங்கே வாத்தியார் புத்தி விழித்துக்கொண்டது. அன்று அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் மினியாபொலிஸ் பக்கம் எடைனா என்று ஓர் ஊர். அங்கே 1956இல் சவுத்டேல் என்ற வளாகம் திறந்தது. நாலு பக்கமும் மூடி, முழுக்கக் குளிர்சாதனம் செய்த முதல் மால் என்று அதைத்தான் சொல்கிறார்கள். கட்டியவர் விக்டர் குரூன். வியன்னாக்காரர், யூதர். 1938இல் ஹிட்லரின் படை நுழைந்ததும் தப்பி அமெரிக்கா போனவர். எடைனாவில் குளிர்காலத்தில் முழங்கால் அளவு பனி கிடக்கும். அதனால் கடைகளுக்கு நடுவே பெரிய முற்றம் விட்டு, கூரை வழியாக வெளிச்சம் இறக்கி, மரம் வைத்து, பறவைக்கூண்டு வைத்து, வருஷம் முழுக்க 24 டிகிரி வெப்பம் இருக்கும்படி செய்தார். அந்த முற்றத்துக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? நிரந்தர வசந்தத்தின் தோட்ட முற்றம்.

வசந்தம் என்றதும் எனக்கு மதுரை ஞாபகம் வந்தது.

மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புது மண்டபத்தைப் பார்க்காதவர் நம்மில் குறைவு. திருமலை நாயக்கர் 1630களில் கட்டியது. அதன் இன்னொரு பெயர் வசந்த மண்டபம். வைகாசி வெயிலில் அம்மனும் சுவாமியும் வந்து இளைப்பாறக் கட்டிய இடம். மண்டபத்தைச் சுற்றி ஆழமில்லாத ஓர் அகழி ஓடுகிறது. அதில் தண்ணீர் நிரப்பினால் அதைத் தொட்டு வரும் காற்று கல்தூண்களுக்கு நடுவே குளுமையாக நுழையும். அங்கே பனிக்குத் தப்பக் கட்டினார்கள், இங்கே வெயிலுக்கு. இரண்டுக்கும் நடுவே முந்நூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி, ஆனால் யோசனை ஒன்றுதான்.

அந்த மண்டபமே பிறகு கடைவீதியாகிவிட்டது. நாயக்க மன்னர்களின் சிலைக்கு இந்தப் பக்கம் புத்தகக் கடை, அந்தப் பக்கம் வளையல், பாத்திரம், நடுவே வரிசையாகத் தையல் மெஷின்கள். அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் கட்டும் உடுப்பெல்லாம் அங்கே தைத்ததுதான். பள்ளி நாடகத்துக்கு ராஜா உடுப்பு வாங்க நானே அங்கே போயிருக்கிறேன். தூண் சிற்பத்தைப் பார்க்க முடியாதபடி துணி தொங்கியது உண்மைதான். ஆனால் அத்தனை வெயிலிலும் மின்விசிறி இல்லாமல் அந்தத் தையற்காரர் வேலை பார்த்ததையும் பார்த்தேன்.

கடைகளைக் காலி செய்து மண்டபத்தைப் பழையபடி ஆக்க வேண்டும் என்ற பேச்சு பல வருஷம் இழுத்தது. கடைசியில் சில ஆண்டுகளுக்கு முன் கடைகள் குன்னத்தூர் சத்திரம் இருந்த இடத்தில் எழுந்த புதுக் கட்டடத்துக்குப் போயின. சரித்திர வாத்தியாராக எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்த மெஷின்களை நினைத்தால் மனசு முழுசாக ஒப்பவில்லை. தண்ணீர் திரும்பி வர, தையற்காரர் வெளியே போக வேண்டியிருந்தது.

குரூனுக்கும் கடைசிக் காலத்தில் இந்த வருத்தம் இருந்தது. மாலைச் சுற்றி வீடு, பள்ளிக்கூடம், பூங்கா எல்லாம் வரும் என்று நினைத்தார். வந்தது கார் நிறுத்துமிடம்தான். ஊருக்குத் திரும்பிய பிறகு வியன்னா ஓரத்திலும் பெரிய மால் எழும்பியது. இந்தப் பிள்ளைகளுக்கு நான் அப்பன் இல்லை என்கிற மாதிரிப் பேசிவிட்டு 1980இல் காலமானார்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சாங்கி விமான நிலையத்து ஜுவல் வளாகத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். 2019இல் திறந்தது. மோஷே சாஃப்டி வடிவமைத்தது. நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து உள்ளேயே அருவி விழுகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். கூரையில் விழும் மழைநீரைச் சேர்த்து அதில் விடுகிறார்கள், மரங்களும் நிஜம். 1984இல் ரோஜர் உல்ரிச் என்பவர் ஓர் ஆய்வு வெளியிட்டார். அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களில் ஜன்னல் வழியே மரத்தைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். பிளாஸ்டிக் இலைக்கு அந்தக் குணம் உண்டா என்று அவர் பார்க்கவில்லை.

பிளாஸ்டிக் இலையில் எனக்கு வேறொரு பயமும் உண்டு. சென்னை அண்ணா சாலையில் ஸ்பென்சர் பிளாசா இருக்கிறதே, அந்த இடத்தில் 1890களில் கட்டிய அழகான பழைய ஸ்பென்சர் கட்டடம் இருந்தது. 1983இல் தீயில் போயிற்று. மின்வயர் ஓடும் சுவர் முழுக்க எரியக்கூடிய பொருளை ஒட்டிவிட்டு, இருப்பதோ ஒரே மாடிப்படி என்றால் எப்படி?

"அப்போ என்ன சார் செய்யச் சொல்லுதீங்க?" என்றான்.

"ஏல, தென்காசிக் கோயில் கோபுர வாசல்ல நின்னிருக்கியா?" என்று கேட்டேன். ஆனி ஆடியில் அங்கே காற்று ஆளையே தள்ளும். கணவாய் வழியே வருகிற மேல்காற்று அது, காசு கொடுக்காமல் வருவது. அவன் வளாகத்தில் மேற்குப் பக்கம் ஆறு ஜன்னல். ஆறையும் விளம்பரப் பலகை மறைக்கிறது. முதலில் அதைக் கழற்று, நடுக்கூரையை உயர்த்தி, சூட்டுக்காற்று வெளியேறப் பக்கவாட்டில் திறப்பு விடு, நடுவில் இரண்டு நிஜச் செடி வை, அருவிக்கு வைத்த பணம் மிச்சம் என்றேன்.

"சாரல் உள்ள அடிக்குமே சார், துணிக்கடை இருக்கு" என்றான். நியாயமான கேள்வி. ஜன்னலுக்குச் சாய்வுப் பலகை அடிக்கலாம் என்றேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது, கொத்தனாரைத்தான் கேட்க வேண்டும்.

கடைசியாக வரைபடத்தை விரித்தான். மாடிப்படிக்குக் கீழே வட்டம் போட்டு 'நீரூற்று' என்று எழுதியிருந்தது. அந்த இடத்தை எனக்கு நன்றாகத் தெரியும். வளாகம் திறந்த நாளிலிருந்து அங்கே ஒரு தையற்காரர் உட்கார்ந்திருக்கிறார். உங்களில் பலருடைய பள்ளி யூனிபார்ம் அவர் தைத்ததுதான்.

"அவர் எங்க போவாரு?" என்று கேட்டேன்.

அவன் வரைபடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "இன்ஜினியர்ட்ட கேக்கேன் சார்" என்று சொல்லி மடித்து வைத்துக்கொண்டான். நேற்று ராத்திரி போன் வந்தது. நீரூற்று கிழக்கு மூலைக்குப் போகிறதாம். மேற்கு ஜன்னல் பற்றி இன்னும் பதில் இல்லை.